அடுத்த வருஷம் யார் அடிப்பது?



ஆகஸ்ட் இதழ் தயாராகும் நாட்களில் எங்கள் அலுவலகத்தில் பிழைதிருத்தம் கொஞ்சம் மந்தமாகத்தான் நடக்கும். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் சுதந்திர தின ஒத்திகை தொடங்கிவிடுகிறது. அரக்கோணம் லோக்கலும் எக்ஸ்பிரஸும் மாறி மாறிப் போகிற கடம்பத்தூரில் ரயில் சத்தத்தை யாரும் காதில் வாங்குவதில்லை. பேஸ் டிரம் அப்படியில்லை. ஒரு 'தொம்' விழுந்ததும் பேனா நின்றுவிடும். அடுத்த 'தொம்' சரியான இடத்தில் விழுமா என்று காது காத்திருக்கும். ஜூலைக் கடைசியில் பெரும்பாலும் விழாது. ஆகஸ்ட் பத்துக்கு மேல் விழ ஆரம்பிக்கும். பதினைந்தாம் தேதி காலையில் பிசகில்லாமல் விழும். பதினாறாம் தேதி வாத்தியங்கள் பீரோவுக்குள் போய்விடும். பிறகு குடியரசு தினத்துக்குத்தான் பூட்டுத் திறப்பார்கள்.

போன மாதம் ஒரு வாசகர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். பள்ளியில் சைடு டிரம் அடித்தவர், இப்போது ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறார். "ஏரி, கோயில், கம்பெனி, ரோடு எல்லாத்தையும் எழுதிட்டீங்க சார். பேண்டைப் பத்தி மட்டும் ஒரு வரி வரல. நாங்க அடிச்சோம், ப்ளஸ் டூ முடிச்சுட்டு வெளிய வந்துட்டோம். அப்புறம் யார் அடிச்சாங்கன்னே தெரியல" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம்.

முதலில் ஊர்ப்பெருமை. ஆசிரியர் பக்கம் என்றால் அது இல்லாமல் முடியாது. இங்கிருந்து அரக்கோணம் பக்கமாக மூன்றாவது நிலையம் திருவாலங்காடு. தேவார மூவருக்கும் முந்தியவரான காரைக்கால் அம்மையார் அந்த ஊரைப் பாடிய மூத்த திருப்பதிகத்தில் கொக்கரை, தக்கை, துந்துபி, தமருகம், குடமுழா, மொந்தை என்று வாத்தியங்களை அடுக்கிக்கொண்டே போகிறார். பட்டியலில் பெரும்பாலும் தோல் கருவிகள்தான், கூடவே ஊதுகிற கொக்கரை. முழவும் கொம்பும் சேர்ந்த சத்தம் இந்த ரயில் பாதைக்குப் புதிதில்லை என்று சொல்லிக்கொள்ள இது போதும்.

பள்ளிப் பிள்ளைகள் சீருடை போட்டு, வரிசை பிடித்து, கால் மாற்றாமல் நடந்துகொண்டே டிரம் அடிக்கிற வழக்கம் ராணுவத்திலிருந்து வந்தது. நம் பக்கத்தில் அதன் தொடக்கத்தைத் தேடினால் எழும்பூரில் போய் நிற்போம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்காக 1789-இல் அங்கே ஓர் அநாதை இல்லம் நடந்தது. அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாய் இந்தியப் பெண். அதன் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல். நம்மூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையே இல்லத்திலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை, முடியாது என்று இழுத்தடித்தார்கள். பெல் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அகரவரிசை வகுப்பை நீ நடத்து என்று ஒப்படைத்துவிட்டார். பையன் நடத்தினான். பெரியவர்கள் முடியாது என்றதை நடத்தியே காட்டினான். அதிலிருந்து மூத்த பையன் இளைய பையனுக்குச் சொல்லித்தருவதே அந்த இல்லத்தின் முறையாகிவிட்டது. பெல் 1796-இல் ஊர் திரும்பி, அடுத்த வருஷம் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் அதை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே எடுத்துக்கொண்டன.

அந்தப் பையன்கள் வளர்ந்து எங்கே போனார்கள்? இதில் ஒரு கசப்பு இருக்கிறது. தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவரைப் படையில் சேர்ப்பதில்லை என்று கம்பெனி 1795-இல் முடிவெடுத்தது. விதிவிலக்காக விட்டுவைத்தது சில வேலைகளைத்தான்: டிரம் அடிப்பது, ஃபைஃப் என்கிற சிறு குழல் ஊதுவது, பேண்டில் வாசிப்பது, குதிரைக்கு லாடம் கட்டுவது. துப்பாக்கி தரமாட்டோம், டிரம் தருகிறோம் என்று அதற்கு அர்த்தம். சென்னையில் சிறுவர்கள் டிரம் கற்றதன் பழைய கதையில் பெருமையும் அவமானமும் இப்படிப் பின்னிக்கிடக்கின்றன. இல்லத்தின் வாரிசாக இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பள்ளியைச் சொல்கிறார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் 2018 வரை நம் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்த மணலியில், முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் அந்த ஊர் முதலியார் வீட்டு ஆதரவில் குடியிருந்தது. இளைஞரான தீட்சிதர் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய்க் கம்பெனி பேண்ட் வாசித்ததைக் கேட்டதாகவும், அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்ததாகவும் சங்கீத உலகம் சொல்லிவருகிறது. நோட்டுஸ்வரம் என்று இன்று பிள்ளைகள் பாடுகிறவை அவைதான். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' பிறந்தது இப்படித்தான். அந்த பேண்டில் குழல் ஊதியவன் எழும்பூர் இல்லத்துப் பையனாக இருந்திருப்பானோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். ஆதாரம் கேட்காதீர்கள், ஆசிரியருக்கும் கொஞ்சம் கற்பனை வேண்டாமா!

நோட்டுஸ்வரங்கள் எல்லாம் சங்கராபரணத்தில் அமைந்தவை. பியூகிளின் சுரங்களும் அதற்குள் அடங்கிவிடும். பியூகிளில் பொத்தானும் கிடையாது, துளையும் கிடையாது. வளைத்த பித்தளைக் குழாய், அவ்வளவுதான். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் ச, க, ப என்ற மூன்று சுரங்களும் மேலும் கீழுமாக அவற்றின் எதிரொலிகளும் கிடைக்கும். ரி வேண்டும், ம வேண்டும் என்றால் கிடையாது. காலை எழுப்புவது, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது, இறந்தவருக்கு மரியாதை செய்வது என்று படைமுகாமின் அத்தனை செய்தியையும் அந்த மூன்று சுரங்களுக்குள்தான் வைத்தார்கள். விலை மலிவு, கீழே விழுந்தாலும் கெடாது, ஊதுகிறவனுக்குச் சுரம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கூடங்களுக்கு அது வந்து சேர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். நாடு முழுக்கப் பள்ளிகளுக்கும் கல்யாண பேண்டுகளுக்கும் பித்தளைக் கருவி செய்து அனுப்புகிற ஊர் மீரட். அங்கே ஜாலி கோட்டித் தெருவில் நாதிர் அலி நிறுவனம் 1885-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. உங்கள் பள்ளிப் பீரோவில் கிடக்கும் பியூகிளின் வாயோரத்தைத் துடைத்துப் பாருங்கள், ஊர்ப் பெயர் அங்கே பொறித்திருக்கலாம்.

இந்த எளிய டிரம்மையும் பியூகிளையும் வைத்துக்கொண்டு ஒரு தேசமே போட்டியில் இறங்கிய கதை அமெரிக்காவில் நடந்தது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பியவர்கள் 1919-இல் அமெரிக்கன் லீஜன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். படையில் டிரம்மும் பியூகிளும் பழகியவர்கள் அதில் ஏராளம். போருக்காகச் செய்து மிச்சமான கருவிகளும் ஏராளம். ஊருக்கு ஊர் அணி கட்டினார்கள். 1921-லேயே கான்சாஸ் சிட்டி மாநாட்டில் தேசிய அளவில் போட்டி வைத்துவிட்டார்கள். அப்பாக்கள் ஆடியதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கும் ஆசை வந்தது. தேவாலயம், சாரணர் படை, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம் என்று ஆளுக்கு ஒரு சிறுவர் அணியை ஆதரித்தார்கள்.

அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிகாகோ நகரத்தில் சாரணர் படை எண் 111. அதிலிருந்த டான் வாரன் என்ற இளைஞர் 1948-இல் அந்தப் பையன்களை வைத்து ஓர் அணி கட்டினார். பெயர் கவாலியர்ஸ். பச்சைச் சீருடை. தெருமுனை அணியாகத் தொடங்கியது, லீஜன் பட்டங்களையும் பிறகு உலகப் பட்டங்களையும் வென்றது. ஆனால் வென்ற கோப்பைகளைவிட அதன் ஆயுள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இந்த அணிகளில் இருபத்தொரு வயதோடு ஆட்டக்காரரின் காலம் முடிந்துவிடும். எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும் அந்தக் கோடையோடு சரி. சினிமாக் கதாநாயகர்களுக்கு இப்படி ஒரு விதி இருந்தால் நன்றாக இருக்கும், அது வேறு விஷயம். வருஷா வருஷம் மிகச் சிறந்தவர்களை வெளியே அனுப்பிக்கொண்டே ஓர் அணி எழுபது வருஷத்துக்கு மேல் நிற்கிறது என்றால், வெளியேறுகிறவன் போவதற்கு முன்பே கைத்தொழிலைப் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிடுகிறான் என்று பொருள். எழும்பூரில் ஃபிரிஸ்கன் செய்ததும் இதுதான். டிரம் வரிசையில் மூத்தவன் முன்னால் நிற்பான். குச்சி எவ்வளவு உயரம் எழ வேண்டும் என்பதை இளையவன் அவன் கையைப் பார்த்தே பிடித்துக்கொள்வான்.

லீஜனின் பெரியவர்கள் வகுத்த விதிகளும் அவர்கள் கொடுத்த பரிசுத் தொகையும் அணிகளுக்கு ஒத்துவரவில்லை. தங்கள் போட்டியைத் தாங்களே நடத்திக்கொள்வது என்று 1971-இல் டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். டான் வாரனும் அதில் முன்னால் நின்றவர். 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டரில் முதல் போட்டி நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் அணி வென்றது. இன்றும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் இறுதிப் போட்டி நடக்கிறது. நம் பிள்ளைகள் கொடியேற்றத்துக்கு ஒத்திகை பார்க்கிற அதே வாரங்கள்தான்.

அந்தக் காலத்துத் தீர்ப்பு முறையை வாசித்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. நடுவர்கள் அட்டையும் பேனாவுமாக மைதானத்துக்குள்ளேயே நடப்பார்கள். ஒருவன் குச்சி முந்தினாலும், ஒருவன் கால் பிந்தினாலும் ஒரு கோடு. கோட்டுக்குக் கோடு மதிப்பெண் குறையும். பிழையில்லாமல் வாசித்தவன் வெல்வான். புதிதாக ஒன்றை முயன்றவனுக்குக் கோடுதான் மிச்சம். 1984-இல் அந்த முறையைத் தூக்கிப்போட்டுவிட்டு, என்ன செய்தார்கள், எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று பார்த்து மதிப்பெண் கூட்டத் தொடங்கினார்கள். ஆட்டம் அதற்குப் பிறகுதான் சிறகு விரித்தது. நம் பள்ளி விழாக்களில் நடுவராக உட்காருகிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான், இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பியூகிளுக்குப் பொத்தான் ஒன்று வந்தது, இரண்டு வந்தது, 1990-இல் மூன்று. 2000-த்தில் எந்தச் சுருதியிலும் கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு ஒலிபெருக்கி, அதன் பிறகு மின்னணுக் கருவிகள். கோடை முழுக்கப் பேருந்தில் நாட்டைச் சுற்றுகிற பயணம் வேறு. ஆட்டம் பிரமாதமாகிவிட்டது. ஆனால் பெரிய அணியில் ஒரு பிள்ளை சேர இன்று பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். தேவாலயத்து அணிகளும் தெருமுனை அணிகளும் நூற்றுக்கணக்கில் காணாமல் போயின. மிஞ்சியிருப்பவை சில டஜன். கிழிந்த டிரம்மோடு யாரும் சேரலாம் என்றிருந்த விளையாட்டு, வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாகிக்கொண்டிருக்கிறது. போட்டிதான் அதை வளர்த்தது. போட்டியின் செலவுதான் அதை மெலியவும் வைத்தது.

நம் நாட்டில் கதை வேறு பாதையில் போனது. கவாலியர்ஸ் பிறந்த அதே 1948-இல்தான் இங்கே என்.சி.சி. பிறந்தது. பிள்ளைகள் 'சாவ்தான்', 'விஷ்ராம்' என்று இந்தி ஆணைகளுக்கு நிற்கப் பழகினார்கள். டிரம்மும் பியூகிளும் அதோடு பல பள்ளிகளுக்குள் வந்தன. டெல்லி குடியரசு தின அணிவகுப்பில் என்.சி.சி. பேண்டாக நடந்த குவாலியர் சிந்தியா பள்ளிப் பையன்களையும், பிலானி பிர்லா பாலிகா வித்யாபீடத்துப் பெண்களையும் தூர்தர்ஷனில் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவை பெரிய உறைவிடப் பள்ளிகள். வசதியில் குறைவில்லை.

அதனால்தான் 2025 ஜனவரி 26 எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து பள்ளிகளுக்கான தேசிய பேண்ட் போட்டி ஒன்றைச் சில வருஷங்களாக நடத்துகின்றன. மாநிலம், மண்டலம் என்று படியேறி, 16 அணிகள் ஜனவரியில் டெல்லி மேஜர் தயான்சந்த் மைதானத்துக்குப் போகும். அந்த வருஷம் குடியரசுத் தலைவரின் மேடைக்கு எதிரே வாசிக்கும் வாய்ப்பு, ஜார்க்கண்டின் பட்டம்டா என்ற ஊரின் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயாப் பெண்களுக்குக் கிடைத்தது. படிப்பை விட்டு நின்றுபோகக்கூடிய ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்காக அரசு நடத்துகிற விடுதிப் பள்ளி அது. பைப் பேண்ட் வாசித்தார்கள். டெல்லிக் குளிரில் அந்த வரிசை அசையாமல் நின்றது. காசு இருந்தால்தான் பேண்ட் என்பவர்களுக்கு அந்தப் பெண்கள் பதில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் போட்டியில் பிராஸ், பைப் என்று இரண்டே வகை. நம் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் இருப்பது நாலு சைடு டிரம், ஒரு பேஸ் டிரம், ஒரு ஜோடி சிம்பல்ஸ், சில பியூகிள், சில குழல். இந்தக் கூட்டுக்குத் தனி வகை இல்லை. கடம்பத்தூர் ஒன்றியத்துப் பிள்ளைகள் எவ்வளவு நன்றாக அடித்தாலும் ஆகஸ்ட் 15-ஐயும் ஜனவரி 26-ஐயும் தாண்டி அதைக் கொண்டுபோய்க் காட்ட இடம் கிடையாது. மாவட்ட அளவிலாவது டிரம்-பியூகிள் அணிகளுக்கு வருஷத்துக்கு ஒரு போட்டி வைத்தால், ஆகஸ்ட் பதினாறாம் தேதி பீரோவைப் பூட்ட மனம் வராது. விளையாட்டு விழாவுக்குக் குறுவட்டம், மாவட்டம் என்று அடுக்கு இருக்கிறதே, பேண்டுக்கு ஏன் இருக்கக்கூடாது?

வாத்தியம் வாங்குவது இங்கே பெரிய காரியமில்லை. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. அதில் கல்வியும் அடக்கம். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. கேட்டால் ஒரு செட் டிரம் வாங்கிக்கொடுக்கப் பலர் முன்வருவார்கள், போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த வருஷம் கிழிந்த தோலை மாற்றுவது யார், ஓய்வுபெற்ற போலீஸ் பேண்ட்காரர் ஒருவருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுப்பது யார் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. கொடுப்பவர்கள் வாத்தியத்தோடு மூன்று வருஷத்துப் பராமரிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் அதுவே நல்ல கொடை.

அதைவிடப் பெரிய ஓட்டை நம் பக்கம் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குப் போனால் பேண்ட் கிடையாது, ப்ளஸ் டூவில் மைதானமே கிடையாது என்பது பல பள்ளிகளில் எழுதாத சட்டம். கை நன்றாகப் பழகி, அடுத்தவருக்குச் சொல்லித்தரத் தகுதி வந்த நேரத்தில்தான் அவர்களை வரிசையிலிருந்து வெளியே எடுக்கிறோம். எட்டாம் வகுப்புப் பையன் யார் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்? ஒவ்வொரு ஜூலையிலும் முதல் 'தொம்' பிசகுவதற்குப் பிள்ளைகள் காரணமில்லை. போன வருஷத்துக்காரர்களை நாம்தான் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் வந்து ஏழாம் வகுப்புக்கு ரோல் அடிக்கக் கற்றுக்கொடுத்தால் மதிப்பெண் ஒன்றும் குறையாது. பெற்றோரும் தலைமையாசிரியர்களும் என்னோடு சண்டை போடலாம், கடிதங்களை அப்படியே அச்சிடுகிறேன்.

இந்த ரயில் பாதையோரப் பள்ளிகளில் எப்போதாவது பேண்டில் இருந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய போட்டோ இருந்தால் அனுப்புங்கள். பின்புறத்தில் பென்சிலால் வருஷம், பள்ளி, யார் யார் எந்த வாத்தியம் என்று குறித்துவிடுங்கள். முக்கியமாக, உங்களுக்குக் கற்றுக்கொடுத்த சீனியர் யார், நீங்கள் யாருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அலுவலகத்துக்கு வந்த அந்த ஷிப்ட்காரர் முதல் போட்டோவைத் தந்துவிட்டார். அதில் அவருக்கு இடப்பக்கம் நிற்கிற, டிரம்மைவிடக் கொஞ்சமே உயரமான பையனை அடையாளம் தெரிகிறவர்கள் எங்களுக்குத் தெரிவிக்கவும். அவர் விட்ட இடத்திலிருந்து அடித்தது அவன்தானா என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். போட்டோ 14-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்